மருத்துவமனையில் திடீரென இறந்த தம்பி: காரணத்தை யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள்வி
எழுதியவர்: தம்பியை இழந்த அக்கா

என் தம்பி இறந்து இன்றோடு 23 நாட்கள் ஆகின்றன. வயது 41. பித்தப்பையில் கல் இருக்கிறது, சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் எடுத்துவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொன்னதை நம்பி, எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் புதன்கிழமை மாலை அவனைச் சேர்த்தோம். அவனுக்குச் சர்க்கரை நோய் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. அறுவைக்கு முன் எடுத்த இ.சி.ஜி., எக்கோ இரண்டும் சரியாக இருப்பதாகச் சொல்லித்தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வியாழக்கிழமை காலை அறுவை முடிந்தது. அன்று மாலை இளநீர் குடித்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தன் மகளிடம் போனில் பேசினான்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் வயிறு உப்பிக்கொண்டு வருவதாகவும் வலது தோள்பட்டை வலிப்பதாகவும் சொன்னான். செவிலியரிடம் போய்ச் சொன்னேன். அறுவையின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயு அப்படித்தான் செய்யும், நடந்தால் சரியாகிவிடும் என்றார். ஆறு மணிக்கு மேல் அவன் உடம்பு சில்லிட்டு வியர்த்தது. இரவு எட்டு மணிக்குத் தண்ணீர் வேண்டும் என்று மறுபடியும் மறுபடியும் கேட்டான். நான் மூன்று முறை செவிலியர் அறைக்குச் சென்றேன். மருத்துவரிடம் போனில் சொல்லியாகிவிட்டது என்ற பதில்தான் கிடைத்தது. 11.40 மணிக்கு அவனை அவசரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை அதிகாலை 3 மணிக்கு ஒருவர் வெளியே வந்து, மாரடைப்பு, எங்களால் முடிந்ததைச் செய்தோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அறுவை செய்த மருத்துவரை அதன்பின் நாங்கள் பார்க்கவே இல்லை.

அந்த நேரத்தில் பிரேதப் பரிசோதனை கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உடலை அறுத்துக் கூறுபோட வேண்டாம் என்று அம்மா அழுதார். மறுநாளே எரியூட்டிவிட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகுதான், எங்களுக்கு உண்மையில் எதுவுமே தெரியாது என்பது உறைத்தது. கையில் இருக்கும் இறப்புச் சுருக்கத்தில் 'இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம்' என்று மட்டுமே இருக்கிறது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டு இரண்டு முறை நேரில் போனேன். மருத்துவர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று இரண்டு முறையும் வரவேற்பறையிலேயே திருப்பி அனுப்பினார்கள். இதற்கிடையில் மருத்துவமனை அலுவலகத்திலிருந்து ஒருவர் தம்பி மனைவிக்குப் போன் செய்து, மனிதாபிமான அடிப்படையில் கட்டணத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் திருப்பித் தருவதாகவும், அதற்கு ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

போன உயிர் திரும்பி வரவா போகிறது என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த மகள் என்னிடம், "அப்பாவுக்கு என்ன ஆச்சு அத்தை?" என்று கேட்கும்போது சொல்வதற்கு ஒரு விடை எனக்கு வேண்டும். பிரேதப் பரிசோதனை இல்லாத நிலையில் இனி எதையாவது அறியமுடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி

சகோதரி, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். 31 ஆண்டுகள் அறுவைசிகிச்சை வார்டுகளில் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். பிரேதப் பரிசோதனை கேட்காமல் விட்டதற்காக உங்களையோ அம்மாவையோ நொந்துகொள்ள வேண்டாம். மரணம் எதிர்பாராதது, காரணம் தெளிவாக இல்லை என்னும்போது, பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று உங்களிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் அங்கே பணியில் இருந்தவர்கள்தான்.

இதயமும் சுவாசமும் நின்றது என்பது மரணத்தின் காரணமே அல்ல. எந்த நோயால் இறந்தாலும் கடைசியில் இரண்டும் நிற்கத்தான் செய்யும். இறப்புக் காரணச் சான்றிதழை நிரப்பும் மருத்துவர்களுக்கான அறிவுறுத்தலிலேயே, இறந்த விதத்தை எழுதாதீர்கள், இறப்புக்கு இட்டுச்சென்ற நோயை எழுதுங்கள் என்றுதான் இருக்கிறது. மருத்துவமனையில் நிகழும் ஒவ்வொரு மரணத்துக்கும் படிவம் 4 என்ற சான்றிதழை நிரப்பிப் பிறப்பு இறப்புப் பதிவாளருக்கு அனுப்பவேண்டும். உடனடிக் காரணம் என்ன, அது எதனால் ஏற்பட்டது, அதற்கும் அடிப்படையாக இருந்தது எது என்று வரிசையாகக் கேட்கும் படிவம் அது. 2023-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தரவேண்டும். அதை முதலில் கேளுங்கள். உங்களிடம் வாயால் சொன்ன மாரடைப்பும், படிவத்தில் எழுதியதும், இறப்புச் சுருக்கத்தில் இருப்பதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது கேஸ் ஷீட். அதன் சுருக்கத்தையோ டிஸ்சார்ஜ் தாளையோ கொடுத்தால் அதோடு திருப்தியடையக் கூடாது. அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, செவிலியர் குறிப்புகள், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எழுதும் வைட்டல்ஸ் சார்ட், சிறுநீர் அளவு எழுதிய தாள், மருந்து கொடுத்த தாள், ஆய்வக முடிவுகள், ஐ.சி.யூ. பதிவு ஆகிய அனைத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நான் வேலை பார்த்த வார்டுகளில், அறுவைக்கு மறுநாள் நன்றாக இருக்கும் நோயாளிக்குக்கூட நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாடியும் அழுத்தமும் பார்த்து எழுதுவோம்; வியர்க்கிறது என்று உறவினர் வந்து சொன்னால் அப்போதே பார்ப்போம், மருத்துவரை எத்தனை மணிக்கு அழைத்தோம், அவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுவோம். நீங்கள் மூன்று முறை சென்றதாகச் சொல்கிறீர்கள். அந்த மூன்று முறையும் செவிலியர் குறிப்பில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, புதன்கிழமை மாலையிலிருந்து உங்களுக்கு நினைவில் உள்ள அனைத்தையும் மணிவாரியாக எழுதிவையுங்கள். தம்பி மனைவியும் தனியாக எழுதட்டும். இருவரும் கலந்து பேசிக்கொண்டு எழுத வேண்டாம். போனில் யாரை எப்போது அழைத்தீர்கள் என்ற பதிவு இருக்கும். அதை வைத்து நேரத்தைச் சரிபார்க்கலாம். துக்கத்தில் நினைவு வேகமாகக் கலைந்துவிடும்.

பதில் 2
எழுதியவர்: பொது அறுவைசிகிச்சை மருத்துவர், அரசுப் பணி

நோயாளியைப் பார்க்காமல், ஆவணங்களைப் படிக்காமல் யார் மீதும் குற்றம் சொல்லமாட்டேன். லேப்ராஸ்கோபிக்குப் பிறகு தோள்பட்டை வலிப்பது மிகச் சாதாரணம். வயிற்றில் செலுத்தும் கரியமில வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தூண்டுவதால் அது வரும். ஆகவே செவிலியர் முதலில் சொன்ன பதில் பொய்யல்ல. கால் இரத்தக்குழாயில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்து, யாரும் எதிர்பாராத வேளையில் உயிரைப் பறிப்பதும் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தும் நோயாளியை இழந்த இரவுகள் என் பணிக்காலத்திலும் இருக்கின்றன. இதைச் சொல்வது உங்கள் கேள்வியை மழுங்கடிப்பதற்காக அல்ல. விடை இரு பக்கமும் போகலாம் என்ற மனநிலையோடு நீங்கள் ஆவணங்களைப் படிக்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மாலைப்பொழுது எனக்குக் கவலை தருகிறது. வயிறு உப்புதல், குளிர்ந்த வியர்வை, தீராத தாகம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், உள்ளே இரத்தம் கசிகிறதா என்பதே ஓர் அறுவை மருத்துவருக்கு முதலில் எழவேண்டிய ஐயம். இரத்தம் இழக்கும்போது முதலில் நாடித்துடிப்பு ஏறும். நாற்பது வயதுக்காரரின் உடல் வெகுநேரம் ஈடுகொடுப்பதால் இரத்த அழுத்தம் தாமதமாகத்தான் இறங்கும். அதனால்தான் வைட்டல்ஸ் சார்ட்டில் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறதா என்பது முக்கியம். ஹீமோகுளோபின் அறுவைக்கு முன் எவ்வளவு, வெள்ளிக்கிழமை எவ்வளவு, வயிற்று ஸ்கேன் எடுத்தார்களா, எடுத்திருந்தால் எத்தனை மணிக்கு, அறுவை செய்தவர் வெள்ளிக்கிழமை நேரில் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா என்ற கேள்விகளோடு ஆவணங்களை அணுகுங்கள். பித்தநீர்க் கசிவு, தொற்று ஆகியவையும் சாத்தியமே. மாரடைப்பு என்று அவர்கள் உறுதியாகச் சொல்வதானால் அதைக் காட்டும் இ.சி.ஜி. எங்கே, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனை எங்கே என்று கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி.

ஆவணம் கிடைத்ததும், அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஓர் அறுவை மருத்துவரிடம் காட்டி, அவரது கருத்தை எழுத்தில் பெறுங்கள். சக மருத்துவரைப் பற்றி எழுதித்தர எங்களில் பலர் தயங்குவார்கள் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முதல் இருவர் மறுத்தாலும் மூன்றாமவரிடம் போங்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். உங்கள் தம்பிக்கு என்ன நேர்ந்திருந்தாலும், அறுவை செய்தவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து அதை விளக்காமல் இருந்ததற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. அது தவறு.

பதில் 3
எழுதியவர்: வழக்கறிஞர், மதுரை

முதலில் அந்த ஒரு லட்சம் ரூபாய். தம்பி மனைவி எந்தக் கடிதத்திலும் இப்போது கையெழுத்திட வேண்டாம். இத்தகைய கடிதங்களில் பெரும்பாலும், சிகிச்சையில் எங்களுக்குக் குறை இல்லை, மேல்நடவடிக்கை எதுவும் எடுக்கமாட்டோம் என்ற வரி இருக்கும். மறுபடி அழைத்தால், சொல்வதை எழுத்தில் அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லட்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும்; உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். நேரில் போய் வாயால் கேட்பதை விட்டுவிட்டு, தம்பி மனைவி பெயரில் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முதல் பதிலில் செவிலியர் அம்மா சொன்ன ஆவணங்கள் அனைத்தையும் அதில் குறிப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை காலை வரையிலான வார்டு நடைக்கூடத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கவேண்டும் என்றும் எழுதுங்கள். இத்தகைய பதிவுகள் சில வாரங்களில் தானாகவே அழிந்து அவற்றின்மேல் புதியவை பதிவாகிவிடும் என்பதால் இதில் ஒரு நாளையும் வீணாக்கக் கூடாது. மருத்துவக் காப்பீடு மூலம் கட்டணம் செலுத்தியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்கு மருத்துவமனை அனுப்பிய ஆவணங்களின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு தொகுப்புகளும் ஒத்திருக்கின்றனவா என்பதில்தான் சில வழக்குகளில் உண்மை வெளிப்பட்டிருக்கிறது.

இனி, யாரிடம் போவது. தண்டனை வேண்டும் என்று வருபவர்கள் நேராகக் காவல் நிலையத்துக்குச் செல்ல விரும்புவார்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில், சிகிச்சையின்போது கவனக்குறைவால் மரணம் விளைவிக்கும் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் குற்றவழக்கில் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு என்று நிறுவவேண்டும் என 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் மூச்சுத்திணறலில் தவித்த நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் உருளை காலியாக இருந்தது என்பதே புகார். அப்படியிருந்தும் மருத்துவர் மீதான குற்றவழக்கு ரத்தானது. உருளை இல்லாமற்போனது மருத்துவமனையின் உரிமையியல் பொறுப்பாகலாம் (அதாவது இழப்பீடு தரும் பொறுப்பு) என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. மருத்துவர் மீது நடவடிக்கை எடுக்கும் முன் விசாரணை அதிகாரி, முடிந்தவரை அரசுப் பணியில் உள்ள ஒரு மருத்துவரின் சார்பற்ற கருத்தைப் பெறவேண்டும் என்ற நிபந்தனையும் அதே தீர்ப்பில் உள்ளது. ஆகவே காவல் புகார் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமான இடங்கள் வேறு மூன்று இருக்கின்றன. தனியார் மருத்துவமனைகளுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தின்கீழ் உங்கள் மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் அளிக்கலாம். அவர் விசாரணைக்கு உத்தரவிட முடியும். மருத்துவரின் தொழில்நெறி குறித்துத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம். இழப்பீட்டுக்கும், சேவைக் குறைபாடு என்று ஒரு தீர்ப்பைப் பெறுவதற்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யவேண்டும். ஒரு முக்கியமான செய்தி: இறந்தவரின் சட்டப்படியான வாரிசுதான் அங்கே புகார்தாரராக முடியும். அக்கா என்ற முறையில் நீங்கள் முக்கிய சாட்சி. புகாரில் தம்பி மனைவியின் பெயரும், அவர் வழியாக மகளின் பெயரும் இருக்கவேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

பதில் 4
எழுதியவர்: கணவரை இழந்த ஆசிரியை

இது என் வாழ்விலும் நடந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில், வேறொரு சிகிச்சையில். சட்டத்தைப் பற்றி மேலே உள்ளவர்கள் எழுதிவிட்டார்கள். வீட்டுக்குள் நடக்கப்போவதைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் மாதத்தில் எல்லோரும் உங்கள் பக்கம் இருப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, பிள்ளையின் எதிர்காலத்தைப் பார், பெரிய இடத்தோடு மோதாதே என்பார்கள். சிலர் பணத்துக்காகத்தான் இப்படி அலைகிறாள் என்று காதுபடவே பேசுவார்கள். அந்தப் பேச்சு உங்களைவிட உங்கள் தம்பி மனைவியை அதிகம் சுடும், ஏனென்றால் கையெழுத்து அவருடையதாக இருக்கும். ஆகவே அவருக்கு எது வேண்டும் என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் வேகத்துக்கு அவரால் வர முடியாமல் இருக்கலாம். அவர் இன்னும் கணவரின் சட்டைகளைக்கூட எடுத்து வைத்திருக்கமாட்டார். அவரை ஆணையத்தின் வாசலுக்கு இழுத்துச் செல்வதாக ஆகிவிடக் கூடாது.

மருத்துவரின் பெயரையும் படத்தையும் முகநூலில் போடலாம் என்று கோபத்தில் உறவுப் பையன்கள் கிளம்புவார்கள். தடுத்துவிடுங்கள். என் உறவினர் ஒருவர் அப்படிச் செய்ததால் அவதூறு நோட்டீஸ் வந்து, நான்கு மாதங்கள் அதற்குப் பதில் எழுதுவதிலேயே போயின.

கொல்கத்தாவில் நடந்த சிகிச்சைக்குப் பிறகு மனைவி அனுராதாவை 1998-இல் இழந்த டாக்டர் குணால் சாகாவைப் பற்றி அந்த நாட்களில்தான் படித்தேன். அவரே ஒரு மருத்துவர். அப்படியிருந்தும் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2013-இல்தான் வந்தது. ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய் இழப்பீடு என்பதைத்தான் செய்தித்தாள்கள் பெரிதாகப் போட்டன. எனக்கு அந்தப் பதினைந்து ஆண்டுகள்தான் கண்ணில் பட்டன. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எத்தனை ஆண்டுகள் ஆகலாம் என்று தெரிந்துகொண்டு தொடங்கினால், நடுவழியில் உடைந்துபோகமாட்டீர்கள்.

என் வழக்கு இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது. ஆனால் மாவட்ட ஆணையத்தில், அன்றிரவு பணியில் இருந்தவர் குறுக்கு விசாரணையில், அழைத்தார்கள், நான் போகவில்லை என்று ஒப்புக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து என் கணவர் படத்தின் முன் அதைச் சொன்னேன். ஆறு ஆண்டுகளில் நான் முழுதாகத் தூங்கிய இரவு அது.

கேள்வி கேட்டவரின் பின்குறிப்பு, 19 நாட்கள் கழித்து

உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பி மனைவியிடம் ஆசிரியை அம்மா சொன்னபடியே கேட்டேன். ஒரு வாரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு அவரே, ஆவணங்களைக் கேட்டு எழுதிய கடிதத்தை எடுத்து வரச்சொல்லிக் கையெழுத்திட்டார். விரைவுத் தபால் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் 184 பக்கங்கள் கொடுத்தார்கள். கேமரா பதிவு அழிந்துவிட்டதாக எழுத்தில் தெரிவித்திருக்கிறார்கள்.

வைட்டல்ஸ் சார்ட்டில் வெள்ளிக்கிழமை மாலை 6.10-க்கு நாடித்துடிப்பு 118 என்று இருக்கிறது. அடுத்த பதிவு இரவு 11.40. இடையில் ஐந்தரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. செவிலியர் குறிப்பில் நான் சென்றது ஒருமுறைகூட இல்லை. மருத்துவரை அழைத்ததாகவும் இல்லை. ஹீமோகுளோபின் அறுவைக்கு முன் 13.2; ஐ.சி.யூ.வில் 12.05-க்கு எடுத்ததில் 6.4. மாரடைப்பைக் காட்டும் இ.சி.ஜி. தொகுப்பில் இல்லை, ட்ரோபோனின் முடிவும் இல்லை. படிவம் 4-இல் மாரடைப்பு என்றே எழுதியிருக்கிறார்கள். இணை இயக்குநர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கிறோம். அந்த ஐந்தரை மணி நேரமும் நான் அவன் கட்டிலை விட்டு நகர்ந்தது செவிலியர் அறைக்குச் செல்வதற்காக மட்டும்தான். என் நோட்டில் அது பதினொரு பக்கம் வந்திருக்கிறது. அதன் நகலையும் மனுவோடு இணைக்கிறோம்.

பதில் 5
எழுதியவர்: பொது அறுவைசிகிச்சை மருத்துவர், அரசுப் பணி

13.2 எப்படி 6.4 ஆனது என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே கேளுங்கள். இரத்தக்குழாய் வழியாக அதிக அளவில் திரவம் ஏற்றினால் இந்த அளவு ஓரளவு குறையும். அதை மட்டும் காரணமாகச் சொல்லி இவ்வளவு பெரிய வீழ்ச்சியை விளக்குவது கடினம். இரத்த வங்கிக்குக் கோரிக்கை அனுப்பினார்களா, அனுப்பியிருந்தால் அதில் எழுதிய நேரம் என்ன என்று அந்த 184 பக்கங்களில் தேடுங்கள். இல்லையென்றால் இரத்த வங்கியின் பதிவேட்டை வரவழைக்குமாறு விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கருத்துத் தர ஒரு மருத்துவர் கிடைக்காவிட்டால் இங்கே தெரிவியுங்கள். ஓய்வுபெற்ற என் பேராசிரியர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். ஆவணங்களைப் படித்துப் பார்க்க அவர் சம்மதித்திருக்கிறார்.